புயலும் அரசும்: வங்கதேசத்தின் ஐம்பதாண்டு அனுபவம்

வங்காள விரிகுடாவின் வடகோடி, வாய் அகன்று உள்நோக்கிக் குறுகிச் செல்லும் புனலைப் போல அமைந்திருக்கிறது. அதன் குறுகிய முனையில் கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் வந்து கலந்து, இமயத்திலிருந்து அடித்துவந்த வண்டலைக் காலங்காலமாகக் கொட்டி, கடலின் அடித்தளத்தைக் கரையிலிருந்து நெடுந்தூரம் வரை ஆழமற்றதாகச் செய்துவிட்டன. தெற்கே உருவாகி வடக்கு நோக்கித் திரும்பும் புயல் தன் முன்னே தள்ளிக்கொண்டு வரும் நீருக்கு அங்கே பக்கங்களில் பரவ இடமில்லை. கீழே அமிழ ஆழமும் இல்லை. ஆதலால் அது மேலே எழும்பி, கடல்மட்டத்துக்குச் சில அடிகளே உயர்ந்து கிடக்கும் வயல்களின்மேல் ஏறிவருகிறது. இதே கடல்தான் 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது என்பதால், அதன் சீற்றம் தமிழருக்குப் புதிதன்று. ஆயினும் உலகத்தில் புயலுக்கு இரையானவர்களில் மிகப் பெரும் பகுதியினர் இந்த வடகோடியைச் சுற்றியே மாண்டிருக்கிறார்கள் என்பதை எண்ணும்போதுதான், அப்பிரதேசத்துக்கு இயற்கை வைத்திருக்கும் சோதனையின் கடுமை நமக்கு விளங்குகிறது.

அந்தக் கரையில் வாழும் ஜனங்களைக் காக்கும் பொறுப்பு 1971-இல் பிறந்த வங்கதேசத்தின்மேல் விழுந்தது. போரினால் சிதைந்து, கஜானா வறண்டு, அந்நிய உதவியை எதிர்பார்த்துக் காலந்தள்ளிய ஒரு புதிய அரசு, அரை நூற்றாண்டுக்குள் புயல் மரணங்களை லட்சக் கணக்கிலிருந்து பத்துக் கணக்குக்கு இறக்கிவிட்டது என்றால், அது எவ்வாறு நிகழ்ந்தது என்று ஆராய்வது நம் கடமையாகிறது. ஆபத்து வருமுன் ஆயத்தம் செய்தல், வந்தபோது உயிர்களைக் காத்தல், நீங்கியபின் வாழ்வை மீட்டுக் கொடுத்தல் என்று ஓர் அரசுக்கு இவ்விஷயத்தில் மூன்று தர்மங்கள் உண்டு. முதலிரண்டிலும் வங்கதேசம் உலகத்துக்கு ஆசானாக நிற்கிறது. மூன்றாவதில் அது இன்னும் தத்தளித்துக்கொண்டிருக்கிறது. அங்கே வென்றதும் இங்கே தோற்றதும் ஒரே காரணத்தால்தான் என்பது என் கருத்து.

கதை 1970-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி இரவில் தொடங்குகிறது. அப்போது அந்நாடு கிழக்குப் பாகிஸ்தான் என்ற பெயரில், ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்த தலைநகரத்தின் ஆட்சியில் இருந்தது. பௌர்ணமியை ஒட்டிய ஓதமும் புயல் தள்ளிவந்த நீரும் ஒரே வேளையில் கூடியதால், மேக்னாவின் முகத்துவாரத்திலுள்ள போலா, ஹாத்தியா முதலிய தீவுகளின்மேல் சில இடங்களில் இருபது அடிக்கும் அதிகமான உயரத்துக்குக் கடல் ஏறியது. மாண்டவர்கள் மூன்று லட்சம் என்பாரும் ஐந்து லட்சம் என்பாரும் உளர். எத்தனை பேர் என்று இன்றுவரை எவராலும் அறுதியிட முடியவில்லை. போலாவைச் சேர்ந்த தஜுமுத்தீன் என்ற ஒரே தாணாவில் (காவல்நிலைய வட்டத்தில்) மட்டும், 1,67,000 பேரில் நூற்றுக்கு 45 பேருக்கு மேல் அந்த ஓர் இரவில் மறைந்துபோனார்கள்.

டாக்காவிலிருந்த காலரா ஆராய்ச்சி நிலையத்தின் வைத்தியர்களான ஆல்ஃபிரட் சாமரும் வைலி மோஸ்லியும், புயலுக்குப் பின் அந்தத் தீவுகளில் நடத்திய கணக்கெடுப்பு, பேரிடர்களைப் பற்றிய ஆராய்ச்சியில் ஒரு புதுப் பாதையைத் திறந்தது. மரணங்கள் குறைந்தபட்சம் 2,24,000 என்று அவர்கள் கண்டார்கள். குடும்பத்தோடு பூண்டற்றுப் போனவர்களையும், கார்த்திகை அறுவடைக்கென்று வெளியூர்களிலிருந்து வந்திருந்த கூலியாட்களையும் அந்தக் கணக்கு முழுமையாகத் தழுவவில்லை. பிழைத்தவர்களின் தேகத்தில் அவர்கள் ஒரு விசித்திரமான அடையாளத்தைக் கண்டார்கள்: மார்பிலும் கைகளின் உட்புறத்திலும் தொடைகளிலும் தோல் உரிந்து ரணமாகியிருந்தது. மரத்தைக் கட்டித் தழுவியபடி, வெள்ளம் இழுத்த இழுப்பையெல்லாம் மணிக்கணக்காகத் தாங்கி நின்றதனால் வந்த காயம் அது. அவ்வாறு மரத்தைப் பற்றி நிற்கப் போதிய வலிமை யாருக்கு இருந்ததோ அவர்களே பிழைத்தார்கள்; குழந்தைகளும் ஸ்திரீகளும் முதியோரும் நோயாளிகளும் அடித்துச் செல்லப்பட்டார்கள். அரசாங்கம் என்று ஒன்று இல்லாத இடத்தில் புயலில் யார் பிழைப்பார் என்பதைப் புஜபலம் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் நான் அறிந்தவரையில் வேறில்லை.

ஆனால் அந்த இரவைப் பற்றி அறிஞர்களை மிகவும் சிந்திக்க வைத்த செய்தி வேறொன்று. புயல் வருவது ஜனங்களுக்குத் தெரியாமல் இல்லை. பின்னர் விசாரித்துப் பார்த்ததில், அப்பகுதியில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குமேல் புயலைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள் என்றும், உறுதியான கட்டடத்தை நாடிச் சென்றவர்களோ நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே இருந்தார்கள் என்றும் தெரியவந்தது. ஏன் போகவில்லை? போவதற்கு உறுதியான கட்டடம் பெரும்பாலான தீவுகளில் இல்லை என்பது ஒரு விடை. முந்தைய அக்டோபரில் இதேபோல எச்சரிக்கை செய்யப்பட்டு, அந்தப் புயல் பெருஞ்சேதம் செய்யாமல் கடந்துவிட்டதால், இம்முறையும் அப்படியே ஆகும் என்று ஜனங்கள் இருந்துவிட்டார்கள் என்பது இன்னொரு விடை. இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளின் எண்களை நம்மில் பலரும் வானொலியில் கேட்டிருப்போம். பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் கப்பல் தலைவர்களுக்காக ஏற்பட்ட அந்த எண்வரிசையே சிறு மாற்றங்களோடு வங்கக் கரையின் உழவர்களுக்கும் அறிவிக்கப்பட்டுவந்தது. அபாயத்தின் எண் நான்கா, எட்டா என்பதிலிருந்து, மாட்டை அவிழ்த்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இப்போதே கிளம்ப வேண்டுமா, காலையில் கிளம்பினால் போதுமா என்பதை எழுத்தறியாத ஒரு குடியானவன் எப்படித் தெரிந்துகொள்வான்?

பாகிஸ்தான் ஜனாதிபதி யாஹியா கான் சீனப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் விமானத்திலிருந்து சேதத்தைப் பார்வையிட்டுச் சென்றதும், நிவாரணம் தாமதமாகவும் அற்பமாகவும் வந்ததும், வங்காளிகளின் மனத்தில் ஆறாத வடுவாகின. அடுத்த மாதம் நடந்த பொதுத் தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160-ஐ வங்காளிகளின் கட்சியான அவாமி லீக் கைப்பற்றியதற்குப் புயல் ஒன்றே காரணம் என்று சொல்வது மிகையாகும். மொழிப் பிரச்சினையும் பொருளாதாரப் பாரபட்சமும் அதற்கு வெகுகாலம் முன்பே தீயை மூட்டியிருந்தன. எனினும், தன் பிரஜைகள் லட்சக் கணக்கில் மடிந்தபோது அசையாதிருந்த ஓர் அரசுக்கு அவர்களை ஆளும் தார்மிக உரிமை எங்கே இருக்கிறது என்ற கேள்வி அந்த நவம்பரில் வீட்டுக்கு வீடு எழுந்தது. சுதந்திர வங்கதேசத்தின் தலைவர்கள் அந்தக் கேள்வியைத் தாங்களே எழுப்பியவர்களாதலால், அதற்கு விடை சொல்லும் கடனும் அவர்களுக்கே இருந்தது.

விடை 1972-இல் உருவாகத் தொடங்கியது. செஞ்சிலுவைச் சங்கங்களின் சர்வதேச லீக் ஆரம்பித்துவைத்த புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தில், அடுத்த ஆண்டே அரசாங்கம் சரிபங்கு ஏற்றுக்கொண்டது. இன்று செம்பிறைச் சங்கமும் அரசாங்கமும் சேர்ந்து நடத்தும் இந்த ஸ்தாபனத்தில் சம்பளம் பெறும் உத்தியோகஸ்தர்கள் சிலரே. மற்றவர்கள் அனைவரும் ஊதியமின்றி உழைக்கும் தொண்டர்கள். ஆரம்பத்தில் 20,000-த்துக்குச் சற்று மேற்பட்டிருந்த அவர்களின் தொகை இப்போது 76,000-த்தைத் தாண்டியிருக்கிறது. மீனவர், உழவர், பள்ளி ஆசிரியர், சிறு கடைக்காரர் என்று அந்தந்தக் கிராமத்தவரையே பொறுக்கியெடுத்து, சில ஆயிரம் ஜனங்களுக்கு ஓர் அலகு என்ற கணக்கில் அமைத்து, எச்சரிப்போர், புகலிடம் சேர்ப்போர், மீட்போர், முதலுதவி செய்வோர், நிவாரணம் அளிப்போர் என்று அலகுக்குள்ளேயே பணிகளைப் பிரித்துக்கொடுத்திருக்கிறார்கள்.

வேலை நடக்கும் விதத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். கடலில் தாழ்வு நிலை உருவானதும் டாக்காவிலுள்ள வானிலை இலாகா திட்டத்தின் தலைமையகத்துக்குத் தெரிவிக்கிறது. தலைமையகம் கம்பியில்லாக் கருவி வழியாக உபஜில்லா என்னும் வட்டங்களின் அலுவலகங்களுக்கும், அவை யூனியன் என்னும் ஊர்த்தொகுதிகளுக்கும், யூனியனின் தலைவர் தமக்குக் கீழ்ப்பட்ட அலகுகளுக்கும் செய்தியை இறக்குகிறார்கள். அபாயம் ஒரு படி ஏறியதும் சந்தையிலும் கட்டடங்களின் உச்சியிலும் ஒரு கொடி ஏறுகிறது. நிலைமை முற்றினால் இரண்டாவது கொடி. பேரபாயம் என்று உறுதியானால் மூன்றாவது. மூன்று கொடிகள் பறக்கும்போது தொண்டர் மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் அணிந்து, கையால் சுழற்றும் சங்கை ஒலித்துக்கொண்டு, ஒலிபெருக்கியைத் தோளில் மாட்டியபடி, சைக்கிளிலோ நடந்தோ வீடு வீடாகப் போகிறார். எண்களின் பொருளை உணராத கிழவிக்கும் மூன்று கொடியின் பொருள் தெரியும். எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி இருக்கிறாள், எந்த வீட்டில் கண் தெரியாத பெரியவர் தனியாகப் படுத்திருக்கிறார் என்பது தொண்டருக்குத் தெரியும். ஏனென்றால் அது அவருடைய தெரு. வானொலியின் குரலைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். வாசலில் வந்து நின்று, பெயர் சொல்லி அழைத்து, குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்படி இருந்துவிட முடியாது.

எச்சரிக்கையில் இருந்த குறை விஞ்ஞானத்தின் குறையன்று, நம்பிக்கையின் குறை என்று 1970-இல் தெரிந்தது. அந்த நம்பிக்கையைத் தலைநகரத்திலிருந்து அனுப்பிவைக்க இயலாது, ஊருக்குள்ளேதான் விளைவிக்க வேண்டும் என்று கண்டறிந்ததே இத்திட்டத்தின் மேன்மை. புயலற்ற மாதங்களில் ஒத்திகைகளும், கிராமிய நாடகங்களும் பாட்டுகளும் ஊர்தோறும் நடக்கின்றன. பதக்கமும் பாராட்டும் தவிர வேறு லாபமில்லாத இந்தப் பணியில் உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு. 2020 மே மாதத்தில் ஆம்பன் புயலின்போது பட்டுவாகாலி ஜில்லாவின் கலாபாராவில் ஜனங்களை எச்சரிக்கச் சென்ற குழுத் தலைவர் ஒருவர், படகு கவிழ்ந்து மாண்டுபோனார். அந்தப் புயலில் வங்கதேசம் இழந்த முதல் சில உயிர்களில் அவருடையதும் ஒன்று.

இந்தத் தொண்டர் படைக்குப் பெரிய பரீட்சை 1991 ஏப்ரல் 29-ஆம் தேதி இரவில் வந்தது. மணிக்கு 225 கிலோமீட்டருக்குமேல் வேகங்கொண்ட காற்றும், சுமார் இருபதடி நீரும் சிட்டகாங், காக்ஸ் பஜார் கரைகளையும் சந்த்வீப், குதுப்தியா தீவுகளையும் தாக்கின. எச்சரிக்கை உரிய காலத்தில் ஊர்களைச் சென்றடைந்தது. தொண்டர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். அப்படியிருந்தும் 1,38,000-க்கு மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். அந்தப் புயலுக்குப் பின் நடந்த ஆய்வொன்று காரணத்தை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது: செங்கல்லாலோ கான்கிரீட்டாலோ ஆன கட்டடத்தை அடைந்தவர்கள் ஒருவர் விடாமல் பிழைத்தார்கள், அடையாதவர்களில் நூற்றுக்கு 22 பேர் இறந்தார்கள். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிலும் நாற்பதைக் கடந்த பெண்களிலும் மரணம் இன்னும் அதிகம். போகச் சொல்வதற்கு ஆள் இருந்தார்கள். போய்ச் சேர இடம் போதவில்லை.

பெண்கள் ஏன் இவ்வளவு அதிகமாக மாண்டார்கள் என்ற கேள்வியை அந்தப் புயல் எழுப்பியது. கணவன் அல்லது மாமனாரின் அனுமதியின்றி வீட்டை விட்டு வெளியேறும் வழக்கமில்லை. புகலிடங்களில் பெண்களுக்குத் தனி அறையும் கழிப்பிடமும் கிடையாது. அந்நிய ஆடவர் நூற்றுக்கணக்கானவரோடு ஓர் இரவைக் கழிப்பதைவிட வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று குடும்பங்கள் நினைத்தன. புடவையும் நீண்ட கூந்தலும் நீரில் சிக்கி இழுத்தன. இரண்டு கைகளிலும் மகனையும் மகளையும் பிடித்துக்கொண்டு வெள்ளத்தில் போராடிய தகப்பன் ஒருவன், இருவரையும் காக்க இயலாத நிலையில், வம்சம் விளங்க மகன் வேண்டுமென்று மகளை விட்டுவிட்டதாக அந்தப் புயலைப் பற்றிய எழுத்துக்களில் ஒரு சம்பவம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அந்தத் தகப்பனைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் புயல் வருவதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சமூகம் யாரை விட்டுவிடுவது என்று தீர்மானித்துவைத்திருந்தது என்பதை அந்தச் சம்பவம் சொல்கிறது; பேரிடரைப் பற்றிய திட்டம் எதுவும் இந்த முன்தீர்மானங்களைக் கணக்கில் கொள்ளாவிட்டால் பாதி ஜனங்களுக்கு அது பயன்படாது. தொண்டர் படையில் இன்று சரிபாதி பெண்களாக இருப்பது இந்தப் பாடத்தின் பலனே. வீட்டுக்குள் சென்று ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்துவர இன்னொரு பெண்ணால்தான் முடியும்.

புகலிடங்களைக் கட்டும் பெருமுயற்சியும் 1991-க்குப் பிறகே வேகங்கொண்டது. பொறியியல் அறிஞர் ஜமீலுர் ரேஸா சௌத்ரியின் தலைமையில் 1993-இல் ஒரு விரிவான திட்டம் தயாராயிற்று. ஆண்டில் ஓரிரு நாட்களே தேவைப்படும் கட்டடத்தை மற்ற நாட்களில் பூட்டிவைத்தால் அது பாழடைந்துவிடும் என்பதை உணர்ந்து, புகலிடத்தை ஆரம்பப் பள்ளியாகவே கட்டினார்கள். உயர்ந்த தூண்களின்மேல் வகுப்பறைகள். அலை தடையின்றிப் பாய்ந்து செல்லும்படி கீழ்த்தளம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். பிற்காலக் கட்டடங்களில் பெண்களுக்குத் தனி அறையும், கால்நடைகளை ஏற்றிச் செல்லச் சரிவுப் பாதையும் சேர்ந்தன. மாட்டுக்கு இடமில்லாத புகலிடத்துக்கு மாட்டுக்காரன் வரமாட்டான் என்ற எளிய உண்மையை உத்தியோகஸ்தர்கள் உணர்ந்துகொள்ளச் சற்றுக் காலம் பிடித்தது. கால்நடைகளுக்கென்று கில்லா என்ற பெயரில் மண்மேடுகளையும் உயர்த்திவைத்தார்கள். தினந்தோறும் குழந்தைகள் போய்வரும் பள்ளியாதலால் புயலன்று இருட்டிலும் வழி தவறுவதில்லை என்பது, திட்டமிட்டவர்கள் எண்ணியிராமலே கிடைத்த நன்மையாக இருக்கலாம்.

சட்டங்களையும் குழுக்களையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்த இலாகா எந்த அபாயக் கட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்று வகுக்கும் நிலையாணைகள் 1997-இல் வெளிவந்தன. பேரிடர் நிர்வாகச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. பிரதம மந்திரியின் தலைமையிலான தேசியக் கவுன்சில் முதல் யூனியன் தலைவரின் தலைமையிலான குழு வரை படிப்படியாக அமைப்புகள் இருக்கின்றன. காகிதத்தில் இத்தகைய ஏற்பாடுகள் இல்லாத நாடு இன்று அநேகமாக இல்லை. வங்கதேசத்தில் அவை உயிரோடு இயங்கியதற்குக் காரணம், சட்டம் பிறப்பதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே அடிப்படியில் தொண்டர்கள் நின்றுகொண்டிருந்ததுதான்.

பலன் கண்கூடாகத் தெரிந்தது. 2007 நவம்பர் 15-ஆம் தேதி வந்த சித்ர் புயல் வலிமையில் முன்னவற்றுக்குக் குறைந்ததன்று. மாண்டவர்கள் சுமார் 3,400 பேர். சுந்தரவனக் காடு புயலின் வேகத்தைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டதும் இதற்கு உதவியது என்பதை மறக்கலாகாது. அப்போதும் வெளியேறாமல் இருந்தவர்களை விசாரித்தபோது, சிலர் சொன்ன காரணம் 1970-ஐ நினைவூட்டுவதாக இருந்தது: அதே ஆண்டு செப்டம்பரில் சுனாமி வரும் என்று எச்சரித்து அவர்களைக் கிளப்பியிருக்கிறார்கள், சுனாமி வரவில்லை, ஆகவே நவம்பரில் அவர்கள் அசையவில்லை. நம்பிக்கை என்ற மூலதனம் ஒருமுறை சேர்த்துவிட்டால் என்றும் இருப்பதன்று. 2020 மே 20-ஆம் தேதி ஆம்பன் புயல் வந்தபோதோ, கொரோனா நோய் பரவிக்கொண்டிருந்த வேளையில், 14,000-க்கு மேற்பட்ட கட்டடங்களைத் திறந்து, இடைவெளி விட்டு அமரச் செய்து, முகக்கவசம் கொடுத்து, 20 லட்சத்துக்கும் அதிகமானவர்களை அங்கே கொண்டுசேர்த்தார்கள். வங்கதேசத்தில் மாண்டவர் தொகை முப்பதுக்கும் குறைவு.

இதுவரை சொன்னது வெற்றியின் வரலாறு. இனி மூன்றாவது தர்மத்துக்கு வருவோம்.

2009-ஆம் ஆண்டு மே 25-ஆம் தேதி வீசிய ஐலா, புயல்களின் வரிசையில் பெரியதன்று. மாண்டவர்கள் சுமார் 190 பேர். ஆனால் ஓதம் உச்சத்திலிருந்த வேளையில் வந்த அதன் நீர், குல்னா, சாத்கீரா ஜில்லாக்களின் மண் கரைகளைப் பல இடங்களில் உடைத்துவிட்டது. இந்தக் கரைகளின் சரித்திரத்தை அறிந்தால்தான் பின்னர் நிகழ்ந்தது புரியும். 1960-களில் தொடங்கி, உப்புநீரைத் தடுத்து நெல் விளைவிப்பதற்காக, கரையோரத் தீவுகளைச் சுற்றிலும் மண் அணைகளை எழுப்பி, போல்டர் என்ற பெயரில் 139 அடைப்புகளை உருவாக்கினார்கள். நெல் விளைந்தது உண்மை. ஆனால் நாளுக்கு இருமுறை ஓதத்தோடு வந்து வயலில் படிந்துகொண்டிருந்த வண்டலும் அன்றோடு நின்றுபோயிற்று. ஊட்டமற்ற நிலம் இறுகித் தாழ்ந்தது. உள்ளே வரமுடியாத வண்டல் வெளியே ஆறுகளில் படிந்து அவற்றின் படுகையை உயர்த்தியது. பின்னர் இறால் பண்ணைக்காரர்கள் உப்புநீர் வேண்டி, கரைகளைத் துளைத்துக் குழாய்களைப் பதித்து அவற்றை இன்னும் பலவீனமாக்கினார்கள்.

டாக்கோப் உபஜில்லாவிலுள்ள 32-ஆம் எண் போல்டரை ஐலாவுக்குப் பின் அளந்து பார்த்த விஞ்ஞானிகள், அதன் உட்புறம் அண்டையிலுள்ள சுந்தரவனக் காட்டின் தரையைவிட ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை தாழ்ந்து கிடப்பதைக் கண்டார்கள். காப்பதற்கென்று எழுப்பிய சுவர் ஐம்பதாண்டுகளில் நிலத்தைப் பள்ளமாக்கிவிட்டது. அந்தப் பள்ளத்தில் ஐலாவின் நீர் புகுந்தபோது வெளியேற வழியில்லை. உடைந்த கரைகள் இரண்டாண்டுகள் வரை அடைபடவும் இல்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கரையின் மேலேயே, தார்ப்பாயும் மூங்கிலும் கொண்டு குடிசை கட்டி, உப்பேறிய குளங்களுக்கு நடுவில் குடிநீருக்கு நெடுந்தூரம் நடந்து, இரண்டு மழைக்காலங்களைக் கழித்தன. ஆண்கள் கூலிவேலை தேடி நகரங்களுக்குப் போனார்கள், பலர் திரும்பவில்லை. இறந்தவர் 190 பேர் என்ற எண், இந்தத் துன்பத்தில் எள்ளளவையும் வெளிப்படுத்துவதில்லை. மரணக் கணக்கைக் கொண்டே பேரிடரை அளப்பவர்கள், மரணம் குறைந்ததும் பேரிடரே குறைந்துவிட்டதென்று திருப்தியடைந்துவிடுகிறார்கள்.

ஆம்பனில் அதே கரைகள் மீண்டும் உடைந்தன. கொய்ரா உபஜில்லாவில் உடைப்பை அடைக்க அரசாங்கத்தின் வரவை எதிர்பார்த்துக் காத்திராமல், ஆயிரக்கணக்கானவர்கள் மண்வெட்டியும் கூடையுமாகத் தாங்களே இறங்கினார்கள். மே 25-ஆம் தேதி ஈகைத் திருநாள்; வேலையின் நடுவில், முழங்காலளவு தண்ணீரில் வரிசையாக நின்று அவர்கள் தொழுத காட்சியைப் பத்திரிகைகள் வெளியிட்டன. ஐலா வந்து அன்றோடு சரியாகப் பதினோரு ஆண்டுகள் நிறைந்திருந்தன. அந்தப் படத்தைக் கண்டு பக்தியையும் உழைப்பையும் பலர் வியந்தார்கள். எனக்கோ அது ஓர் அரசின்மேல் எழுதப்பட்ட குற்றப்பத்திரிகையாகத் தோன்றியது. பதினோரு ஆண்டுகளில் ஒரு மண் கரையை உறுதிப்படுத்த முடியாமற்போனதற்கு எந்தப் புயலையும் காரணம் சொல்ல இயலாது.

எச்சரிப்பதில் அவ்வளவு திறமை காட்டிய அரசு கரை கட்டுவதில் ஏன் தோற்றது? எச்சரிக்கையை அது ஊராரிடம் ஒப்படைத்தது. கொடியையும் சங்கையும் கையில் கொடுத்து, இது உங்கள் பொறுப்பு என்றது. கரைகளையோ இலாகாவும் காண்டிராக்டர்களும் தங்கள் வசமே வைத்துக்கொண்டார்கள். எங்கே கரை அரிக்கிறது, எந்த மதகு பழுதாகிவிட்டது என்பதை நாள்தோறும் பார்க்கிறவனுக்கு அதைச் சொல்லும் உரிமையில்லை. சொன்னாலும் கேட்க ஆளில்லை. ஊராரின் அறிவு இதிலும் குறைந்ததல்ல என்பதற்குச் சான்று அந்நாட்டிலேயே இருக்கிறது. தண்ணீர் வடியாமல் வயல்கள் ஆண்டுக்கணக்கில் மூழ்கிக் கிடந்த குல்னாப் பகுதியின் டாகாத்தியாத் தாழ்நிலத்தில், 1990-இல் ஜனங்கள் தாங்களே கரையை வெட்டி ஓதத்தை உள்ளே விட்டார்கள். 1997-இல் பாயினாத் தாழ்நிலத்திலும் அவ்வாறே செய்தார்கள். வந்த நீர் வண்டலைக் கொட்டி வயலை உயர்த்தியது. திரும்பிப் போன நீர் ஆற்றின் படுகையை அரித்து ஆழமாக்கியது. சட்டவிரோதம் என்று கருதப்பட்ட அந்த உபாயத்தைப் பின்னர் அரசாங்கமே தன் நீர்க்கொள்கையில் ஏற்றுக்கொண்டது. 32-ஆம் போல்டரின் உடைப்பை ஆராய்ந்தவர்களும் இதையே வேறு வழியில் கண்டார்கள்: நீர் நின்ற அந்த இரண்டாண்டுகளில் மட்டும், பல பத்தாண்டுகளில் சேரக்கூடிய வண்டல் அங்கே படிந்திருந்தது.

தாழ்ந்த நிலத்தை உயர்த்தும் வழி இருக்கிறது; ஆனால் வண்டல் படியும் ஆண்டுகளில் வயலை இழக்கும் குடும்பங்களுக்கு உரிய நஷ்டஈடு உரிய காலத்தில் கைக்கு வராதவரை எந்த உழவனும் அதற்கு மனமுவந்து சம்மதிக்கமாட்டான். இங்கேதான் அரசாங்கத்தின் மெய்யான வேலை இருக்கிறது. கரை பராமரிப்பின் பணத்தையும், காண்டிராக்டரின் வேலையைச் சோதித்துத் தள்ளும் அதிகாரத்தையும் யூனியன் சபைகளிடம் ஒப்படைக்க வேண்டும். எந்த வயலை எந்த ஆண்டு ஓதத்துக்குத் திறப்பது என்பதை அங்கே குடியிருப்பவர்கள் கூடித் தீர்மானிக்க வேண்டும். நிலமற்ற கூலியாளுக்கும் அந்த ஈட்டுத்தொகையில் பங்கு இருக்க வேண்டும். 76,000 தொண்டர்களை நம்பி உயிர்களை ஒப்படைத்த அரசு, அதே ஜனங்களை நம்பிக் கரைகளையும் ஒப்படைக்கத் தயங்குவதற்கு நியாயம் இல்லை. கொய்ராவிலும் சாத்கீராவிலும் கரைகள் ஒவ்வோர் ஆண்டும் கரைந்துகொண்டிருப்பதால், அடுத்த பெரும்புயலுக்காகக் காத்திராமல் டாக்கா இதை இப்போதே தொடங்க வேண்டும்.